விலகலும் முறிவும்: ஓர் அறிவியல் அடைமொழியின் வரலாறு

நீர் நிறைந்த குவளையில் சாய்ந்து நிற்கும் கோல் நீர்மட்டத்தில் ஒடிந்தது போலத் தோன்றும். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குள் புகும்போது அதன் வேகம் மாறுகிறது. சாய்வாகப் புகுமாயின் திசையும் மாறுகிறது. அதனால் விளைவதே இத்தோற்றம். இந்நிகழ்வோடு தொடர்புடைய எதனையும் சுட்ட ஆங்கிலத்தில் 'ரிஃப்ராக்டிவ்' என்னும் ஓர் அடைமொழி போதுமானதாக உள்ளது. தமிழில் அதற்கு ஈடாக எச்சொல்லை ஆள்வது, அதனைத் தொடரில் எங்ஙனம் அமைப்பது என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். தமிழ்வழியில் அறிவியல் கற்கும் மாணவனுக்கு அவை சிறியன அல்ல. அவ்வடைமொழியின் வரலாற்றையும் தமிழில் அது பெற்ற வடிவங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறமொழிகளில் பெயரிட்ட முறை

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி நீரிலும் கண்ணாடியிலும் ஒளி புகும் கோணங்களை அளந்து அட்டவணைப்படுத்தினார். கி.பி. 984 அளவில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு சஃல் இதற்குரிய விதியை வடிவ கணித வாயிலாக அறிந்திருந்தார். அவருக்குப் பின் இப்னுல் ஹைதம் ஒளியியல் பெருநூல் இயற்றினார். அரபு மொழியாளர் இந்நிகழ்வை 'இன்இதாஃப்' என்றனர். 'வளைதல்' என்பது அதன் பொருள். இலத்தீன் மொழியாளரோ 'உடைத்தல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து தம் சொல்லைப் படைத்துக்கொண்டனர். ஆங்கிலச் சொல் அதன் வழிவந்ததே. செருமானியர் இன்றும் இதனை 'உடைதல்' என்னும் பொருள்படவே வழங்குகின்றனர்.

1621இல் ஸ்நெல் விதியைக் கண்டறிந்தார். அதனை அவர் அச்சிட்டு வெளியிடவில்லை. 1637இல் டேக்கார்ட் அவ்விதியை வெளியிட்டார். 1704இல் வெளிவந்த நியூட்டனின் 'ஆப்டிக்ஸ்' ஒவ்வொரு நிறக்கதிரும் வெவ்வேறு அளவில் முறியத்தக்கது என நிறுவியது. 1807இல் தாமஸ் யங் அவ்வளவைக் குறிக்கும் எண்ணுக்குத் தனிப்பெயர் தந்தார்.

இந்திய மொழிகளும் தத்தம் நோக்கிலேயே பெயரிட்டன. இந்தியில் 'அபவர்த்தன்' என்பது அப்பால் திரும்புதலைக் குறிக்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் 'வக்ரீபவனம்' கோணலாதலைக் குறிக்கும். உடைதல், வளைதல், திரும்புதல், கோணலாதல் என நிகழ்வு ஒன்றே பல பார்வைகளைப் பெற்றிருப்பதைக் காண்கிறோம்.

தமிழில் இரு வழக்குகள்

தமிழில் அறிவியல் சொல்லாக்கம் ஈழத்திலும் தமிழகத்திலும் தனித்தனியே வளர்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களையும் மொழிபெயர்த்தார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கென ஓர் இதழ் நடத்தினர். திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1936இல் சொல்லாக்க மாநாடு கூட்டினர். அதற்குத் தலைமை ஏற்றவர் ஈழத்தவரான விபுலாநந்த அடிகள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1938இல் அவர்தம் கலைச்சொல் தொகுதி வெளிவந்தது. அந்நாளில் இருகரையாரும் ஒருங்கமர்ந்து சொற்களை ஆராய்ந்தனர்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழகத்தில் 1960களில் கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் எழுதப்பட்டன. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அமைந்தது. விளைவாக இரு வழக்குகள் வேரூன்றின. தமிழக நூல்களில் ஒளிவிலகல், விலகு கதிர், ஒளிவிலகல் எண் என்பன நிலைபெற்றன. ஈழத்து நூல்களில் ஒளிமுறிவு, முறிகதிர், முறிவுச் சுட்டி என்பன நிலைபெற்றன. தமிழகத்தில் 'எதிரொளிப்பு' எனப்படுவது ஈழத்தில் 'தெறிப்பு' எனப்பட்டது.

சொல் வேறுபடுவது மட்டுமே சிக்கலன்று. 'விலகல்' என்னும் ஒரே சொல் இருவழக்கிலும் இருவேறு பொருள் தருகிறது. முப்பட்டகத்தினூடே சென்று வெளிப்படும் கதிர், தன் பழைய திசையிலிருந்து எத்துணை மாறியுள்ளது என்பதை ஈழத்தார் 'விலகல்' என்பர். தமிழக நூல்கள் இதனைத் 'திசைமாற்றம்' எனக் குறிக்கின்றன. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து ஏதிலிகளாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமிழகப் பள்ளிகளில் சேர்ந்தபோது, தாய்மொழியிலேயே அறிவியலை மீண்டும் மொழிபெயர்த்துப் படிக்கும் நிலை உண்டாயிற்று. அறியாத சொல்லைப் பொருள் கேட்டு அறியலாம். அறிந்த சொல் வேறு பொருளில் வரும்போது ஐயமே எழுவதில்லை; பிழை மட்டும் எஞ்சுகிறது.

அடையும் தொடரும்

தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கும். பெயருக்கு அடையாகும் பணியைப் பெயரெச்சமும் உரிச்சொல்லும் தொகைகளுமே தமிழில் ஆற்றுகின்றன. ஆதலின் ஆங்கில அடைமொழி ஒன்றைத் தமிழாக்கும்போது, அடைக்கும் பெயருக்கும் உள்ள உறவு யாது என முதற்கண் தெளிதல் வேண்டும்.

'விலகு கதிர்', 'முறிகதிர்' என்பன வினைத்தொகைகள். விலகிய கதிர், விலகுகின்ற கதிர், விலகும் கதிர் என முக்காலத்திற்கும் இவை விரியும். எக்காலத்தும் பொருந்தும் விதியைக் கூறும் அறிவியலுக்குக் காலம் கரந்த இத்தொகை மிகப் பொருத்தமானது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்னும் விதியும் ஈண்டுப் பொருளைக் காக்கிறது. 'முறிக்கதிர்' என ஒற்று மிகுத்து எழுதினால் 'முறி' பெயர்ச்சொல்லாகி, தளிரையோ ஓலை ஆவணத்தையோ குறிக்க இடமாகும்.

அடுத்து, 'ரிஃப்ராக்டிவ்' என்னும் அடை ஆங்கிலத்தில் மறைத்து வைக்கும் உறவுகளைக் காண்போம். எண்ணுக்கு அடையாகும்போது அது நிகழ்வின் அளவைக் குறிக்கும். 'நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33' என்பது நேரிய தொடர். வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரில் ஏறத்தாழ 2.25 இலட்சம் கிலோமீட்டரே செல்கிறது என்பது அதன் கருத்து. கண்ணாடிக்கு அவ்வெண் 1.5 அளவினது, வைரத்திற்கு 2.42.

ஊடகத்திற்கு அடையாகும்போது அது செயலைச் செய்விப்பதைக் குறிக்கும். 'விலகு' தன்வினை, 'விலக்கு' பிறவினை. ஆயினும் 'ஒளிவிலக்கு ஊடகம்' என்றால் மதுவிலக்கு என்பதுபோல ஒளியைத் தடுப்பது எனப் பொருள்படக்கூடும். 'ஒளியை விலகச் செய்யும் ஊடகம்' என விரித்துரைத்தலே தக்கது. மருத்துவத்தில் 'ஒளிவிலகல் குறைபாடு' என்பது கண்ணுள் புகும் ஒளி விழித்திரையில் சரிவரக் குவியாமையைக் குறிக்கும். ஆனால் அதே முறையில் 'ஒளிவிலகல் அறுவை மருத்துவம்' என்றால் நோயாளிக்கு ஒன்றும் விளங்காது. 'ஒளிவிலகல் குறைபாட்டைச் சீராக்கும் அறுவை மருத்துவம்' என்றே எழுதுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் அடை நின்ற இடங்களில் தமிழ் வெவ்வேறு அமைப்புகளை வேண்டுகிறது.

தமிழக வழக்கில் பிறிதொரு முரணும் உண்டு. காற்றிலிருந்து நீருக்குள் சாய்வாகப் புகும் கதிர் 'குத்துக்கோட்டை நோக்கி விலகுகிறது' என எழுதுகிறோம். 'விலகு' என்னும் வினை இயல்பாக ஒன்றை விட்டு நீங்குதலையே குறிக்கும். 'நோக்கி விலகுதல்' தமிழ்க் காதுக்கு ஒவ்வாது. 'குத்துக்கோட்டை நோக்கித் திரும்புகிறது' என்று எழுதினால் இடர் நீங்கும். ஈழ வழக்கின் 'முறிவு' இம்முரணுக்கு ஆளாவதில்லை. எனினும் முறிவு என்றதும் எலும்பு முறிவும் உறவு முறிவும் நினைவில் வருதல் இயல்பு. செங்குத்தாகப் புகும் கதிர் வேகம் மாறியும் திசை மாறாமையின், இருசொற்களுமே அந்நிலையை முழுமையாகக் காட்டவில்லை. எனவே ஒன்றே சரி, மற்றது தவறு எனத் தீர்ப்பளித்தல் பொருந்தாது.

நிறைவுரை

கலைச்சொல் தொகுதிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே தமிழ்ச் சொல்லைத் தந்து அமைகின்றன. சொல் தொடரில் நிற்கும் முறையை அவை காட்டுவதில்லை. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் இரண்டு மூன்று எடுத்துக்காட்டுத் தொடர்கள் தரப்படுமாயின் மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் பெரும்பயன் எய்துவர். தமிழக, ஈழ வழக்குகள் அருகருகே இடம்பெறுதலும், 'விலகல்' போன்று பொருள் மாறும் சொற்கள் தனியே சுட்டப்படுதலும் இன்றியமையாதன.

இப்பணிக்கு அறிவியலாரோடு இலக்கணம் கற்றோரும் சேர்ந்து உழைத்தல் வேண்டும். பத்தாண்டுகளாகத் தமிழ் நூல்களை ஆய்ந்துவரும் இலக்கிய வட்டங்கள், பள்ளி அறிவியல் நூலொன்றின் தொடர்களையும் ஓர் அமர்வில் எடுத்து ஆராயலாம். 1936இல் இருகரையாரும் கூடிச் செய்த பணியின் எஞ்சிய பகுதி அது.