துடிப்பும் மறைவும்

1970 டிசம்பர் 12. கென்யாக் கரையை ஒட்டிய கடலில் இத்தாலியர்கள் நிறுத்தியிருந்த சான் மார்க்கோ மேடையிலிருந்து அமெரிக்காவின் சிறு செயற்கைக்கோள் ஒன்று கிளம்பியது. அன்று கென்யாவின் விடுதலை நாள். அதனால் சுவாகிலி மொழியிலேயே அதற்கு ‘உஹூரு’ என்று பெயர் வைத்தார்கள். விடுதலை என்று பொருள்.

வானிலிருந்து வரும் எக்ஸ் கதிரைக் காற்றுமண்டலம் தரைக்கு விடுவதில்லை. அதுவரை ராக்கெட்டில் கருவியை ஏற்றி, அது கீழே விழுவதற்குள் ஐந்து நிமிடம் பார்த்தால் பெரிது. சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற பொருள் 1967-இல் அப்படித்தான் கண்ணில் பட்டது. உஹூருவோ அதையே மீண்டும் மீண்டும், நாள்கணக்கில் பார்த்தது.

1971-இல் வானியலார் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு அந்தப் பொருளில் ஒரு துடிப்பைக் கண்டது: 4.8 விநாடிக்கு ஒன்று. ஆனால் அந்தத் துடிப்பு சற்று முந்தியும் வந்தது, பிந்தியும் வந்தது. போதாக்குறைக்கு, சுமார் 2.1 நாளுக்கு ஒருமுறை அரை நாள் போல ஒளி மங்கிவிடும்.

இரண்டு புதிருக்கும் விடை ஒன்றே என்று 1972-இல் தெளிந்தது. துடிப்பு முந்துவதும் பிந்துவதும் அதே 2.1 நாள் சுற்றில்தான் நடந்தன. துடிக்கும் பொருள் நம்மை நோக்கி வரும்போது துடிப்புகள் நெருங்குகின்றன. விலகும்போது இடைவெளி நீள்கிறது. பெரிய விண்மீன் ஒன்றின் பின்னால் போகும்போது மறைகின்றன. துடிப்பது, இருபது கிலோமீட்டர் அளவே உள்ள நியூட்ரான் விண்மீன். துணையான அந்தப் பெரிய விண்மீனின் வாயுவை அது இழுக்க, காந்தப்புலம் அதைத் துருவங்களில் கொண்டு கொட்டுகிறது. கொட்டிய இடம் கோடிக்கணக்கான டிகிரி கொதித்து எக்ஸ் கதிர் வீசுகிறது. விண்மீன் தன்னைத்தானே சுற்றுவதால் அது நமக்குத் துடிப்பாகத் தெரிகிறது. ரேடியோ அலையில் துடிக்கும் நியூட்ரான் விண்மீன்களான பல்சார்கள் சுழற்சி என்ற கைச்சேமிப்பைச் செலவழித்து மெல்ல வேகம் குறைபவை. இதுவோ ஆண்டுகள் போகப் போக வேகம் கூடியது; துணையின் சோற்றில் வளர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாத் துணையும் நாள்தோறும் படியளப்பதில்லை. அதே மேடையிலிருந்து 1974-இல் கிளம்பிய பிரிட்டனின் ஏரியல் 5, அடுத்த ஆண்டு ரிஷப மண்டலத்தில் திடீரென்று சீறிய ஒன்றைப் பிடித்தது. ஏ0535+26 என்று பெயர். துடிப்பு 104 விநாடிக்கு ஒன்று. அதன் துணை விண்மீன் கடும் வேகத்தில் சுழல்வதால் இடுப்பைச் சுற்றி வாயு வட்டு கட்டியிருக்கிறது. நீள்வட்டத்தில் 111 நாளுக்கு ஒருமுறை சுற்றும் நியூட்ரான் விண்மீன் வட்டை நெருங்கும்போது விருந்து, அதுதான் சீற்றம். வட்டு மெலிந்திருந்தால் வந்த சுற்று பட்டினி. வட்டு பெருத்திருந்தால், 2020 நவம்பரில் நடந்ததுபோல், எக்ஸ் கதிர் வானியலார் அளவுகோலாக வைத்திருக்கும் பக்கத்து நண்டு நெபுலாவையே பன்னிரண்டு மடங்கு மிஞ்சிப் பொங்கும்.

பழைய ராக்கெட்டின் ஐந்து நிமிடத்தில் இதன் துடிப்பு மூன்றுகூட முழுதாகத் தேறியிருக்காது.