ஒரே கோப்பாய்த் தோன்றும் கோப்புறை: மேக் கணினியின் பொதி அமைப்பு

மேக் கணினியில் ஒரு சாதாரணக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் '.ஆப்' என்று சேர்த்தால், இனி அது ஒரே கோப்பாகத் தோன்றக்கூடும் என்று மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டர் எச்சரித்து ஒப்புதல் கேட்கும். ஒப்புக்கொண்டாலும் உள்ளே இருப்பவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. டெர்மினலில் 'எல்எஸ் -எல்டி' கட்டளை கொடுத்தால், வரியின் முதலெழுத்து கோப்புறைக்குரிய 'டி'யாகவே வரும். 'பொதி' எனப்படும் இந்த அமைப்பின் ஒருமை, ஃபைண்டர் காட்டும் தோற்றத்தைச் சார்ந்தது. அதன் பலமும் பலவீனமும் இதிலிருந்தே பிறக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய மேக்கில் ஒரு நிரல் உண்மையிலேயே ஒற்றைக் கோப்பாக இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு கிளைகள். அவற்றில் வளக்கிளை எனப்பட்ட ஒன்றில் ஐகான், மெனு போன்றவை கிடந்தன. அதை அறியாத வேறு கணினிக்குக் கோப்பு போனால் அந்தக் கிளை உதிர்ந்துவிடும். நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற இயங்குதளத்தின் வழியாக 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸுக்கு வந்த பொதியில் ஒவ்வொரு உறுப்பும் சாதாரணக் கோப்பு: நிரலின் விவரங்கள் 'இன்ஃபோ.பிலிஸ்ட்'டில், மொழிபெயர்ப்புச் சரங்கள் மொழிவாரியான '.எல்பிராஜ்' கோப்புறைகளில். ஒன்றாக இருந்தது வழியில் சிதைந்தது. பலவாக இருப்பது முழுதாகப் போய்ச் சேர்கிறது.

ஆவணங்களுக்கு வரும்போதுதான் சிக்கல். டெக்ஸ்ட்எடிட்டில் எழுதும் மடலில் ஒரு படத்தைச் சேர்த்தால், அது '.ஆர்டிஎஃப்டி' பொதியாகச் சேமிக்கப்படுகிறது. அதே மடலை விண்டோஸில் பார்த்தால் ஒரு கோப்புறையும் அதற்குள் 'டிஎக்ஸ்டி.ஆர்டிஎஃப்' என்ற கோப்பும் தனியே படமும் கிடக்கும். மேக்கிலேயேகூட, ஒரு பின்னொட்டு பொதிக்குரியது என்பதைப் பெரும்பாலும் அதை உருவாக்கிய செயலிதான் அறிவிக்கிறது. அந்தச் செயலி இல்லாத கணினியில் ஆவணம் வெறும் கோப்புறையாக நிற்கலாம். மின்னஞ்சல் இணைப்போ ஒற்றைப் பைட் தொடரையே ஏற்கும். எனவே பொதியை ஜிப் செய்தே அனுப்ப வேண்டும்.

2007இல் வந்த வேர்டின் '.டாக்எக்ஸ்' இதற்கு நேரெதிர்: வெளியே மெய்யான ஒற்றைக் கோப்பு, உள்ளே ஜிப் வடிவில் ஒரு கோப்புறை மரம். அனுப்ப எளிது, ஆனால் ஒரு படத்தை மாற்றினாலும் பெரும்பாலும் முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டும். பல்லாயிரம் படங்கள் கொண்ட புகைப்பட நூலகத்தை அப்படிக் கையாள முடியாது. அங்கே பொதியே சரி: மாறிய உறுப்பை மட்டும் எழுதலாம், மேக்கின் காப்புநகல் செயலியான டைம் மெஷின் அதை மட்டும் நகலெடுக்கலாம்.

ஆகவே எந்த வடிவம் என்று முடிவு செய்ய வேண்டியது அளவையோ தொழில்நுட்ப நேர்த்தியையோ மட்டும் கொண்டல்ல, ஆவணம் கைமாறுமா என்பதையும் கொண்டு. கைமாறும் ஆவணம் மெய்யான கோப்பாக இருக்கட்டும். ஒரே கணினியில் தங்கி வளர்வது பொதியாக இருக்கட்டும். ஆப்பிளின் எழுத்துச் செயலியான பேஜஸ் இரு வடிவங்களையும் வைத்துத் தேர்வைப் பயனரிடம் விடுகிறது. இது நியாயம்போல் தெரிந்தாலும், வேறுபாடு திரையில் தெரியாத ஒருவரிடம் அதைத் தீர்மானிக்கச் சொல்வதாகும். ஆவணத்தைப் பகிரும் வேளையில் செயலியே அதை ஒற்றைக் கோப்பாக்கித் தருவது இதைவிடப் பொருத்தம்.