மூளைக்கட்டி அறுவையும் பொதுமக்கள் அறிதலும்: இலண்டன், 1884

முன்னுரை

மூளைப் புற்றுநோய் குறித்த விழிப்புணர்வை இன்று மருத்துவமனைகளும் தொண்டு அமைப்புகளும் திட்டமிட்டு வளர்க்கின்றன. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மூளைக்கட்டி அறுவை பற்றிய செய்தி பொதுமக்களை எட்டியது வேறொரு சர்ச்சையின் வழியாகவே ஆகும். 1884இல் இலண்டனில் நிகழ்ந்த அறுவையையும் அதையொட்டி நாளிதழில் எழுந்த விவாதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயறிதலும் அறுவையும்

நோயாளி 25 வயதுடைய ஸ்காட்லாந்து உழவர். அவருக்கு உடலின் இடப்பக்கத்தில் வலிப்பு ஏற்பட்டது. பின்னர் இடக்கை வலுவிழந்தது. எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்டது 1895இல்தான். எனவே, மண்டையோட்டின் உள்ளே இருப்பதைக் காண வழியில்லாத நிலையில், மருத்துவர் ஹியூஸ் பென்னெட் உடற்குறிகளை மட்டுமே கொண்டு வலப்பக்க மூளையின் இயக்கப்பகுதியில் கட்டி இருப்பதாகக் கணித்தார். அதற்கு அடித்தளமாக அமைந்தவற்றுள் குரங்குகளின் மூளையில் டேவிட் ஃபெரியர் நிகழ்த்திய சோதனைகள் முதன்மையானவை. நவம்பர் 25 அன்று ரிக்மன் காட்லீ அறுவை செய்தார். கணித்த இடத்திலேயே கிளையோமா வகைக் கட்டி கண்டெடுக்கப்பட்டு அகற்றப்பட்டது.

நாளிதழில் விவாதம்

விலங்குச் சோதனை அப்போது கடும் எதிர்ப்புக்கு உள்ளாகியிருந்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஃபெரியர்மீது 1881இல் வழக்குத் தொடரப்பட்டுத் தள்ளுபடியானது. இப்பின்னணியில், டிசம்பர் 16 அன்று 'தி டைம்ஸ்' நாளிதழில் 'எஃப்.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளை மட்டும் தாங்கிய கடிதம் ஒன்று வெளிவந்தது. அதை எழுதியவர் ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுன் என்பர். இவ்வறுவையை விலங்குச் சோதனையின் பயனுக்குச் சான்றாக அக்கடிதம் முன்வைத்தது. எதிர்ப்பாளர்கள் மறுப்புக் கடிதங்கள் எழுதினர். இவ்வாறு நோயாளியின் உடல், இருதரப்பு வாதத்திற்கும் உரிய பொருளாயிற்று.

கடிதம் அச்சேறியபோது நோயாளி உயிருடன் இருந்தார். அறுவைக்குப் பின் நான்கு வாரங்களில், மூளையுறை அழற்சியால் அவர் இறந்தார். கட்டியின் இடத்தைக் கணிப்பதில் அறிவியல் வென்றது. புண்ணில் பற்றிய தொற்றிலிருந்து உயிரைக் காப்பதில் அது தோற்றது. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள். முதல் வினாவுக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் உரியதாகக் கொள்ள இடமளித்தது, முடிவு தெரியுமுன் எழுந்த அறிவிப்பு.

முடிவுரை

மூளைக்கட்டியை இடமறிந்து அகற்றலாம் என்ற நம்பிக்கையை 1884ஆம் ஆண்டு நிகழ்வு பொதுவெளியில் விதைத்தது. ஆயினும், கட்டியை அகற்றுதல் வேறு, நோயாளி பிழைத்தல் வேறு என்பதை அன்றைய விளம்பரம் தெளிவாக்கவில்லை. சிகிச்சை பற்றிய விழிப்புணர்வு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதாக அமைய வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் கருத்தாகும்.