மூலம்

மூலம் என்றால் வேர். வடமொழியிலிருந்து வந்த சொல். ‘மூலமும் உரையும்’ என்று முகப்பில் அச்சிட்ட பழைய பதிப்புகளால் தமிழருக்குப் பழகியது. (மருத்துவமனை வார்டில் சொன்னால் மூலநோய்தான் நினைவுக்கு வரும்!)

ஆய்வில் மூலம் என்றால் தகவல் கிடைக்கும் இடம். செவிலியர் ஆய்வில் முதன்மை மூலம் என்பது ஆய்வு செய்தவரே எழுதிய அறிக்கை, நேரில் கண்டவரின் கடிதம், வார்டுப் பதிவேடு. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு இரண்டாம் நிலை மூலம்.

கிரிமியப் போரின்போது, 1854இல் ஸ்குடாரி இராணுவ மருத்துவமனைக்குப் போன ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கிருந்து எழுதிய கடிதங்கள் முதல் வகை. 1918இல் எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி தன் புத்தகத்தில் அவரைப் பற்றித் தீட்டிய குறும்பு கலந்த சொற்சித்திரம் இரண்டாவது. ஆனால் கேள்வி மாறினால் வகையும் மாறும்: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் நைட்டிங்கேலை எப்படிப் பார்த்தது என்று ஆராய்பவருக்கு ஸ்ட்ரேச்சியின் புத்தகமே முதன்மை மூலம்.