நெல்லா லாஸ்ட்

நெல்லா லாஸ்ட் (1889–1968), இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தின் வீட்டு வாழ்க்கையை நாட்குறிப்பில் பதிவுசெய்த இல்லத்தரசி. 1939 முதல் 1966 வரை அவர் எழுதியது, ஆங்கிலத்தில் உள்ள மிக நீண்ட நாட்குறிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இளமையும் குடும்பமும்

வடமேற்கு இங்கிலாந்தில் கப்பல் கட்டும் நகரமான பாரோ-இன்-ஃபர்னஸில் வாழ்ந்தவர். தந்தை ரயில்வே எழுத்தர். 1911இல் தச்சுத் தொழில் செய்துவந்த வில்லியம் லாஸ்டை மணந்தார். ஆர்தர், கிளிஃப் என இரண்டு மகன்கள். கணவரோ அதிகம் பேசாதவர், வெளிப்பழக்கமும் இல்லாதவர். அவருடைய விருப்பு வெறுப்புக்கு அடங்கியே நெல்லாவின் பல ஆண்டுகள் கழிந்தன.

போர்க்கால நாட்குறிப்பு

சாதாரண மக்களின் வாழ்க்கையை அவர்களே எழுதித் தர வேண்டும் என்ற நோக்கத்துடன் 1937இல் டாம் ஹாரிசன், சார்லஸ் மேட்ஜ், ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் ஆகியோர் 'மாஸ் அப்சர்வேஷன்' அமைப்பைத் தொடங்கினர். 1939இல் போர் மூண்டபோது, அதன் தன்னார்வலராக நெல்லா எழுதத் தொடங்கினார். தம்மை 'இல்லத்தரசி, வயது 49' என்றே குறித்துக்கொண்டார். ரேஷன் பொருளைக் கொண்டு சமைத்து ஒப்பேற்றியது, இளைய மகன் கிளிஃப் ராணுவத்துக்குப் போன கவலை, அண்டை அயலாரின் பேச்சு என எல்லாம் அதில் இடம்பெற்றன. 1941 ஏப்ரல், மே மாதங்களில் ஜெர்மானிய விமானங்கள் பாரோ மீது குண்டு வீசின. நெல்லாவின் வீடும் சேதமடைந்தது. அந்த இரவுகளின் அச்சத்தையும் அவர் எழுதினார்.

பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்பிலும், போர்க் கைதிகளுக்கு உதவ நிதி திரட்டிய செஞ்சிலுவைச் சங்கக் கடையிலும் பணியாற்றினார். அந்த உழைப்பு அவருக்குத் தன்னம்பிக்கை தந்தது. பழைய அடங்கிய வாழ்க்கைக்கு இனித் திரும்ப முடியாது என்ற தெளிவு பிறந்ததையும் நாட்குறிப்பு காட்டுகிறது. வரலாற்று ஆவணம் என்ற அளவில் அதன் தனிச்சிறப்பு இதுவே: குண்டுவீச்சின் கணக்கை அரசுக் கோப்புகளிலும் காணலாம், போர் ஒரு பெண்ணின் மனத்தை எப்படி மாற்றியது என்பதை அவளே எழுதினால்தான் அறிய முடியும்.

பிற்காலமும் வெளியீடும்

போருக்குப் பின் கிளிஃப் ஆஸ்திரேலியாவில் குடியேறிச் சிற்பியானார். நெல்லா 1966 வரை எழுதி, 1968இல் காலமானார். போர்க்காலப் பகுதிகளை ரிச்சர்ட் பிராட், சூசி ஃபிளெமிங் ஆகியோர் தொகுத்து 1981இல் நூலாக்கினர். 2006இல் நடிகை விக்டோரியா வுட் அதைத் தொலைக்காட்சி நாடகமாக எழுதி, நெல்லாவாக நடித்தார்; அதற்காக 2007இல் சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருதைப் பெற்றார். போருக்குப் பிந்தைய குறிப்புகளும் பின்னர் தனி நூல்களாக வெளிவந்தன. மூலப் பிரதிகள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மாஸ் அப்சர்வேஷன் ஆவணத் தொகுப்பைச் சேர்ந்தவை.