இழுக்க இழுக்கப் பலம் – ஊட்டி பிலிம் தொழிற்சாலையின் கதை

வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம் இருந்தால் ஓரத்தில் வெட்டு எதுவும் போடாமல் கையால் கிழித்துப் பாருங்கள். முடியாது! காகிதத்தைப் போல மெல்லிசான பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

அந்த பிளாஸ்டிக்கின் பெயர் பாலியஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தது. உருக்கிக் குளிர்வித்த பாலியஸ்டரில் மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கு விழுந்த தலைமுடி போலக் கிடக்கும். அதைச் சுமார் 90 டிகிரிக்குச் சூடாக்கி மூன்று, நான்கு மடங்கு நீளமாக இழுத்தால், சீப்பால் வாரியது போல அவை ஒரே திசையில் வரிசையாகும். அந்தத் திசையில் பலம் கூடும். ஆனால் நீளவாக்கில் எளிதாகப் பிளந்துவிடும். அதனால் அகலவாக்கிலும் இழுக்கிறார்கள். துணியில் பாவும் ஊடும் போல இரண்டு பக்கமும் பலம் கிடைக்கிறது. கடைசியில் விறைப்பாகப் பிடித்தபடியே 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், பிலிம் பிறகு எளிதில் சுருங்காது.

இந்தக் கதையில் நம் நீலகிரிக்கும் இடம் உண்டு. மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் ஊட்டியில் உற்பத்தியை ஆரம்பித்தது. பிலிமுக்குத் தூசு ஆகாது. குளிர்ந்த, சுத்தமான மலைக்காற்று அதற்குப் பொருத்தமாக இருந்தது. 'இந்து' என்ற பெயரில் பிலிம்கள் வந்தன. ஆலை இருந்த பகுதியே இந்து நகர் ஆனது.

அன்று உலகமெங்கும் பெரும்பாலான பிலிம்களுக்கு அடித்தளம் அசிடேட். கரைசலாக ஊற்றி உலர்த்தும் பிளாஸ்டிக் அது. பாலியஸ்டர் போல இழுத்து உறுதியாக்கப்பட்டதல்ல. ஈரத்தை உறிஞ்சும், எளிதில் கிழியும். எக்ஸ்ரே பிலிம் தானியங்கி இயந்திரங்களின் உருளைகளுக்குள் போய்வர வேண்டியிருந்ததால், மருத்துவமனைகள் விறைப்பான பாலியஸ்டருக்கு மாறின. ஊட்டியும் பெரும் கடன் வாங்கிப் பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்தில் இறங்கியது.

தொழில்நுட்பத் தேர்வு சரிதான். ஆனால் செலவும் வட்டியும் ஏறின. 1990களின் நடுவில் நலிவடைந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. பின்னால் வந்த டிஜிட்டல் கேமரா பிலிமின் தேவையையே குறைத்துவிட்டது. 2014-ல் மத்திய அரசு ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அனுமதித்தது. அத்துடன் பல குடும்பங்களின் பிழைப்பும் போனது.

பாலியஸ்டரை இழுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் அறுந்துவிடும். கடனும் அப்படித்தான்.