சாரதியும் சட்டமும்

நியூயார்க் நகரத்தில் மஞ்சள் நிற டாக்ஸி ஒன்றில் ஏறி அமர்கிறவர், எதிரே மாட்டியிருக்கும் உரிமச் சீட்டில் சாரதியின் பெயரைப் படித்தால், அது வங்க தேசத்தவர், பஞ்சாபியர், பாகிஸ்தானியர், ஹெய்ட்டி நாட்டவர், மேற்கு ஆப்பிரிக்கர் ஆகியோருள் ஒருவருடைய பெயராக இருப்பதைப் பெரும்பாலும் காண்பார். அந்நகரத்து டாக்ஸி சாரதிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் அயல்நாட்டில் பிறந்தவர்கள். இது தற்செயலாக நேர்ந்ததன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க நீதிமன்றங்களிலும் சட்டசபைகளிலும் நகராட்சி மண்டபங்களிலும் நடந்துவந்த நீண்டதொரு விவாதத்தின் விளைவு. வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்பதோடு நில்லாமல், இந்த மண்ணில் உழைத்துப் பிழைக்க உனக்கு உரிமை உண்டா என்றும் அந்தத் தேசம் தன் சாரதிகளை ஓயாமல் கேட்டு வந்திருக்கிறது. அக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இத்தொழிலின் சரித்திரம்.

அந்தச் சரித்திரம் மோட்டார் வண்டி தோன்றுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உள்நாட்டு யுத்தம் முடிந்தபின் 1868-ல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 14-ஆவது திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பைப் பிரஜைகளுக்கு மட்டும் உரியதாக்காமல், அந்நாட்டு எல்லைக்குள் வாழும் எல்லா மனிதருக்கும் உரியதாக்கிற்று. அதன் முழுப் பொருளும் விளங்கியது சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சலவைக்காரர்களின் வழக்கிலேதான். மரக் கட்டடத்தில் சலவைத் தொழில் நடத்துவோர் நகரசபையின் அனுமதி பெற வேண்டும் என்று விதி செய்து, அனுமதி கேட்ட சுமார் 200 சீனர்களின் மனுக்களையும் தள்ளிவிட்டு, சீனரல்லாதார் 80 பேரில் ஒருவர் நீங்கலாக மற்றெல்லாருக்கும் அனுமதி அளித்தது அந்நகரசபை. விதியின் வாசகத்தில் பாரபட்சம் இல்லாவிட்டாலும், அதைக் கையாண்ட விதத்தில் பாரபட்சம் உண்டு என்று கண்ட உச்ச நீதிமன்றம், இக் வோ என்பவரின் பெயரால் வழங்கும் 1886-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிரஜையல்லாதவனுக்கும் தன் தொழிலை நடத்தும் உரிமை உண்டு என்று நிலைநாட்டியது.

இதைவிடத் தெளிவான பேச்சு 1915-ல் பிறந்தது. அரிஜோனா மாநிலத்து வாக்காளர்கள் அதற்கு முந்திய ஆண்டில், ஐந்து பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் எவரும் அவர்களில் நூற்றுக்கு 80 பேரை வாக்குரிமை உள்ளவர்களாகவோ அமெரிக்காவிலேயே பிறந்தவர்களாகவோ வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஓர் உணவு விடுதியில் சமையற்காரராக இருந்த மைக் ரைக் என்னும் ஆஸ்திரிய தேசத்தவர், அதனால் தமக்கு வேலை போய்விடும் என்று கண்டு நீதிமன்றத்தை நாடினார். தீர்ப்பெழுதிய நீதிபதி சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ், ஒருவனை நாட்டுக்குள் அனுமதிப்பதும் விலக்குவதும் மத்திய சர்க்காரின் அதிகாரம் என்றும், அனுமதிக்கப்பட்டவனுக்குச் சாதாரண ஜீவனத் தொழில்களை ஒரு மாநிலம் மறுக்குமானால், அது அவனுக்கு நாட்டில் இடமே மறுப்பதாகும் என்றும் எடுத்துரைத்தார். வேலை செய்ய முடியாத இடத்தில் மனிதன் வாழ முடியாது என்னும் எளிய உண்மை இவ்வாறு சட்டத்தின் அங்கமாயிற்று.

ஆனால் இந்த உண்மைக்குள்ளே ஒரு பிளவு இருந்தது. அப்பிளவின் வழியேதான் சாரதிகளின் துன்பம் நுழைந்தது. 1914-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், தொழில் மந்தமாகி வேலையிழந்திருந்தவர்கள் சிலர் தங்கள் சொந்த ஃபோர்டு கார்களை டிராம் பாதையிலே ஓட்டி, டிராமுக்குரிய அதே ஐந்து சென்ட் கட்டணத்துக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கினார்கள். ஜிட்னி என்று பெயர் பெற்ற அந்த வண்டிகள் ஓராண்டுக்குள் தேசமெங்கும் பரவின. முதலாளி இல்லை, குறித்த நேரம் இல்லை, கார் ஒன்றும் துணிவும் இருந்தால் அன்றைய கூலி அன்றே கையில் விழும். வருமானம் குன்றிய டிராம் கம்பெனிகள் கூக்குரலிட்டன. நகராட்சிகள் உரிமம் என்றும், ஈட்டுப் பத்திரம் என்றும், குறித்த பாதை என்றும் நிபந்தனைகளை அடுக்கின. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான ஊர்களில் ஜிட்னி மறைந்தது. எனினும் அது விட்டுச்சென்ற விளைவு பெரிது. பொதுச்சாலையில் வாடகைக்கு வண்டி ஓட்டுவது மனிதனின் இயல்பான உரிமையன்று, சர்க்கார் மனமிரங்கித் தரும் சலுகையே என்ற கொள்கை அக்காலத்தில் வேரூன்றிவிட்டது.

சலுகை என்றான பிறகு, அதை அந்நியனுக்கு மறுப்பது எளிது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1922-ல், மோட்டார் பஸ் ஓட்டும் உரிமத்தைப் பிரஜைகளுக்கே அளிப்பது என்ற நகராட்சி விதியைச் செல்லும் என்று தீர்த்தது. அந்நியர்களுக்கு இத்தேசத்து மக்களின் க்ஷேமத்தில் பிரஜைகளுக்குள்ள அக்கறை இயல்பாகவே இராது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பில்லியர்ட்ஸ் ஆடும் கூடங்களை அந்நியர் நடத்தலாகாது என்ற சின்சினாட்டி நகரத்து விதியை 1927-ல் தேசத்தின் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. உணவு விடுதியில் சமைக்கலாம், ஆனால் உரிமம் வேண்டிய தொழிலுக்கு வரலாகாது என்று, ஒரு கையால் தந்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட காலம் அது. ஒரு மனிதனுடைய அக்கறையை அவன் பிறந்த ஊரைக்கொண்டு அளந்த அந்த நியாயத்தைப் போல் அநீதியான நியாயம் வேறில்லை. கூலிக்காகத் தன் உயிரையும் அதே வண்டியில் ஏற்றிச்செல்லும் சாரதிக்குப் பிரயாணியின் பத்திரத்தில் அக்கறை இல்லை என்று எப்படிச் சொல்வது!

நியூயார்க்கிலோ இத்தொழில் ஆதியிலிருந்தே குடியேறியவர்களின் கையில் இருந்தது. 1907-ல் ஹாரி ஆலன் என்ற வியாபாரி பிரான்ஸ் தேசத்திலிருந்து 65 மோட்டார் வண்டிகளைத் தருவித்து மீட்டர் கட்டி ஓடவிட்ட பிறகு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும், இத்தாலியரும், ஐரிஷ்காரர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் அவ்வண்டிகளை ஓட்டிக் குடும்பங்களைக் காத்தார்கள். 1925-ல் உரிமம் வழங்கும் பொறுப்பு போலீசாரிடம் சென்றது. பெரும் பொருளாதார மந்தம் வந்தபோது வேலையற்றோர் ஆயிரக்கணக்கில் வண்டிகளை வாடகைக்கு எடுத்துத் தெருவுக்கு வரவே, வண்டிகள் பெருகிச் சவாரி அருகியது. 1934-ல் கடுமையான வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதன் பயனாக 1937-ல் பிறந்த ஹாஸ் சட்டம், டாக்ஸிகளின் தொகைக்கு வரம்பு கட்டி, வண்டியின் மூடிமேல் பதிக்கும் மெடாலியன் என்னும் உலோகப் பட்டயத்தை உரிமத்தின் அடையாளமாக்கியது. பத்து டாலருக்குக் கிடைத்த அந்தப் பட்டயங்கள் பின்னர் 11,787 என்ற தொகையில் நின்று, 1996 வரை ஏறாமலே இருந்தன. நகரமும் பிரயாணிகளும் பெருக, பட்டயம் பெருகாமையால், அது விலைமதிப்புள்ள சொத்தாக மாறிற்று.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் நீதிமன்றங்களின் மனம் மாறியது. கலிபோர்னியாவில் 1915 முதல் மீன் பிடித்து வாழ்ந்த டொராவோ தக்காஹாஷி, யுத்த காலத்தில் மற்ற ஜப்பானியரோடு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வந்தபோது, பிரஜையாகத் தகுதியற்றவர் என்ற காரணத்தால் அவருக்கு மீன்பிடி உரிமம் மறுக்கப்பட்டது. அந்த மறுப்பை 1948-ல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1971-லும் 1973-லும் வந்த தீர்ப்புகள், நிரந்தர வாசியான அந்நியனைப் பிரஜையல்லாதவன் என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கும் மாநிலச் சட்டங்களைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று விதித்தன. நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு வக்கீல் தொழிலே திறந்துவிடப்பட்டது. வக்கீல் உரிமத்தையே மறுக்க முடியாதெனில், டாக்ஸி உரிமத்தை மறுப்பது எவ்வாறு? இதற்கிடையே 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், நாட்டுவாரியான பழைய பங்கீட்டை ஒழித்து, ஆசிய ஆப்பிரிக்க மக்களுக்கு வாயிலைத் திறந்தது.

கதவு திறந்த அதே சமயத்தில் தொழிலின் உள்ளமைப்பு சிதைந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் துயரமான பகுதி. அதுவரை பெரிய கொட்டகைக்காரர்களிடம் வேலை செய்த சாரதிக்கு வசூலில் ஒரு பங்கும், சங்கமும், சில சௌகரியங்களும் இருந்தன. 1979-ல் வண்டியை நாள் வாடகைக்கு விடலாம் என்று நகரம் அனுமதித்தபின், சாரதி தொழிலாளி என்ற ஸ்தானத்தை இழந்து, தன்னந்தனியாகத் தொழில் நடத்துபவன் என்று கணக்கிடப்பட்டான். காலையில் வாடகையும் பெட்ரோல் செலவும் கடனாகத் தலையில் ஏறும். பன்னிரண்டு மணி நேரம் ஓடியபின் மிஞ்சினால் அவனுக்கு. மிஞ்சாவிட்டால் நஷ்டமும் அவனுக்கே. உள்ளூரில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இதை விட்டகன்றார்கள். ஊரில் பெற்ற பட்டம் செல்லாமற்போன புதியவர்கள் அந்த இடத்தில் வந்து அமர்ந்தார்கள். கைப்பேசி பரவுவதற்கு முன்பே, இன்று கிக் வேலை என்று உலகம் பேசும் முறை நியூயார்க் டாக்ஸியில் இவ்வாறு முழு உருவம் பெற்றுவிட்டது.

அடுத்து வந்தது 1986. அதற்கு முன், அனுமதியின்றி இருப்பவரை வேலைக்கு வைத்துக்கொள்வது மத்திய சட்டப்படி குற்றமாகக் கருதப்படவில்லை. அவ்வாண்டு நவம்பர் 6-ஆம் தேதி ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம், 27 லட்சம் பேர் வரையில் நிரந்தர வாசிகளாக வழிசெய்த அதே வேளையில், வேலைக்கு அமர்த்தும் ஒவ்வொருவரும் வேலையாளின் ஆதாரங்களைப் பார்த்து ஐ-9 என்னும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றும் விதித்தது. அன்று முதல் அமெரிக்காவில் இருக்கும் உரிமையும் அங்கே உழைக்கும் உரிமையும் வெவ்வேறாகப் பிரிந்தன. தஞ்சம் கேட்டு வந்தவர், மனுக் கொடுத்து 180 நாட்கள் கழியுமுன் வேலை அனுமதி பெற முடியாது என்ற விதி 1990-களில் வந்தது. அந்த ஆறு மாதம் அவர் எதைத் தின்று உயிர் வாழ்வார் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை.

கைப்பேசி வழியே வாடகை வண்டியை அழைக்க உதவும், 2009-ல் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஊபர் நிறுவனம் 2011-ல் நியூயார்க்குக்கு வந்தபோது, ஜிட்னியின் காலம் திரும்பியது போலாயிற்று. சொந்தக் கார், சொந்த நேரம், உடனடி வருமானம் என்ற பழைய ஆசைகள் புதிய ஆடை உடுத்து வந்தன. ஆனால் ஆரம்பகால ஜிட்னிக்காரனிடம் எவரும் கேட்காத, உழைக்க அனுமதி உண்டா என்ற கேள்வி இப்போது முதற்கேள்வியாயிற்று. பிரஜை, கிரீன் கார்டு உடையவர், அகதியாக ஏற்கப்பட்டவர், வேலை அனுமதி அட்டை பெற்றவர் ஆகியோர் ஓட்டலாம். படிக்க வந்த மாணவர் ஓட்டலாகாது. கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேர வேலையும், படிப்பைச் சார்ந்த பயிற்சியுமே அவருக்கு உண்டு. எச்-1பி விசாவில் இருக்கும் பொறியாளர், அவ்விசாவுக்கு மனுச் செய்த கம்பெனியைத் தவிர வேறெங்கும் பொருளீட்ட முடியாது. சொந்தக் காரில் மாலை ஒரு மணி நேரம் சவாரி ஏற்றினாலும் அது அனுமதியற்ற வேலையே. ஐ-9 படிவம் கேட்கப்படாத தனித்தொழில் ஆயிற்றே என்று வாதிப்பதில் பயனில்லை. படிவம் இல்லாவிட்டாலும் தடை உண்டு, பின்னாளில் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்யும்போது அது குறுக்கே வந்து நிற்கக்கூடும்.

தமிழ்நாட்டிலிருந்து சென்று அந்நாட்டில் வாழும் குடும்பங்களுக்கு இந்த விதிகள் வெறும் ஏட்டுச் செய்தியல்ல. எச்-1பி காரர்களின் துணைவியர் பல்லாண்டுகள் படிப்பும் திறமையும் இருந்தும் வீட்டுக்குள்ளே அடைபட்டிருந்தார்கள். 2015 மே மாதம் முதல்தான், கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டத்தைக் கடந்தோரின் துணைவர்களுக்கு வேலை அனுமதி கிடைத்தது. கல்விக் கடனை நினைத்து ஏங்கும் மாணவர்களில் சிலர், பிறர் பெயரிலுள்ள ஊபர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டத் துணிகிறார்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. கூலியைக் கணக்குக்குரியவர் தராவிட்டால் முறையிட வழியில்லை. பிடிபட்டால் படிப்பும் போய்விடும். மறுக்கப்பட்ட வேலை மறைந்துவிடுவதில்லை, மறைவான இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உரிமம் என்ற சொல்லுக்குள் இன்று மூன்று அனுமதிகள் அடங்கியுள்ளன. கலிபோர்னியா 2015 ஜனவரி முதலும், நியூயார்க் 2019 டிசம்பர் முதலும், குடியேற்ற அந்தஸ்தைக் கேளாமலே சாதாரண ஓட்டுநர் உரிமம் அளிக்கின்றன; சாலையில் ஓடும் ஒவ்வொருவரும் சோதிக்கப்பட்டவராக இருப்பதே எல்லாருக்கும் க்ஷேமம் என்ற விவேகம் அதில் உண்டு. ஆனால் வாடகைக்கு ஓட்ட நகரத்தின் அனுமதி வேறு, உழைக்க மத்திய சர்க்காரின் அனுமதி வேறு. மூன்றில் ஒன்று தவறினாலும், வேலை அட்டையைப் புதுப்பிக்கும் மனு ஓர் அலுவலக மேஜையில் தாமதித்தாலும், சவாரி நின்றுவிடும். கார்க் கடனின் தவணை மட்டும் நிற்காது.

இத்தனைக்கும் நடுவில் சாரதிகள் வாய் மூடி இருந்துவிடவில்லை என்பது பெருமைக்குரியது. 1998 மே மாதத்தில், சாரதிகளைச் சங்கமாகத் திரட்டிய பைரவி தேசாயும் தோழர்களும் வகுத்த வழியில், பல மொழி பேசும் சாரதிகள் ஒன்றுசேர்ந்து நியூயார்க்கில் வண்டிகளை நிறுத்தினார்கள். 2017 ஜனவரி 28 அன்று, சில நாட்டு மக்களுக்கு நுழைவை மறுத்த ஆணையைக் கண்டித்துக் கென்னடி விமான நிலையத்தில் சவாரியை மறுத்தார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் விலையேறிய பட்டயத்தைக் கடன்பட்டு வாங்கி, ஊபர் வந்தபின் விலை சரிந்து நொந்தவர்கள், 2021-ல் 15 நாள் உண்ணாவிரதம் இருந்து, ஒவ்வொரு கடனையும் 1,70,000 டாலருக்குக் குறைத்து நகரம் ஜாமீன் நிற்கும்படி செய்தார்கள். தேசத்தின் க்ஷேமத்தில் அக்கறையற்றவர்கள் என்று 1922-ல் எழுதப்பட்ட அவதூறுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

எவரை நாட்டுக்குள் சேர்ப்பது என்று தீர்மானிக்க ஒவ்வொரு தேசத்துக்கும் அதிகாரம் உண்டு. அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் சேர்த்துக்கொண்டபின், அவன் கல்விக் கட்டணத்தையும் வரியையும் வாடகையையும் வாங்கிக்கொண்டு, உழைப்புக்கு மட்டும் தடைபோடுவது நேர்மையன்று. சாரதியைச் சோதிக்க வேண்டியது கண் பார்வையிலும் கைத்திறத்திலும் நடத்தையிலும். அவற்றில் தேறியவனுக்கு, அவன் நாட்டில் தங்க அனுமதி உள்ள காலம் முழுவதும் உழைக்கவும் அனுமதி இருக்க வேண்டும். நீதிபதி ஹியூஸ் 1915-ல் ஒரு சமையற்காரருக்காகக் கூறிய நியாயம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தியது. மத்திய சர்க்காரும் அதைத் தானாகவே மேற்கொள்ளும் நாள் வரும் வரையில், இந்த வழக்கு முடிந்துவிட்டதாகச் சொல்ல இயலாது.